நிறுத்தும் பொத்தான் கனடாவில் இருந்தது

நடுரோட்டில்

"அக்கா, கதிரை நிண்டிட்டுது. நான் நடுரோட்டில நிக்கிறன்."

சுகிர்தா போனில் சொன்னது அவ்வளவுதான். அவருக்குப் பின்னால் ஒரு பஸ் விடாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தது. யாரோ "தள்ளுங்கோ, தள்ளுங்கோ" என்று கத்தினார்கள். நான் யாழ்ப்பாணத்தில், எங்கள் புனர்வாழ்வு நிலையத்தின் வேலைத்தலத்தில், வேறொருவருடைய கதிரையின் மோட்டாரைக் கழற்றி மேசை முழுக்கப் பரப்பி வைத்திருந்தேன்.

"சும்மா தள்ளினால் அசையாது," என்றேன். "பின்பக்கம் ரெண்டு சில்லுக்கும் கிட்ட ஒவ்வொரு சிவப்பு லீவர் கிடக்கும். ரெண்டையும் கீழ அமத்தச் சொல்லும். பிறகு தள்ளட்டும். பள்ளப் பக்கம் மட்டும் விடவேண்டாம். லீவரை அமத்தினால் பிறேக் இல்லை."

மின்சாரச் சக்கரக் கதிரை நாம் நினைப்பதற்கு எதிர்மாறானது. ஓடும்போதுதான் அதன் பிறேக் விடுபட்டிருக்கும். கரண்ட் நின்றால் பிறேக் தானாகவே சக்கரங்களை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். ஆளோடு சேர்த்து நான்கு பேர் தூக்கினாலும் தூக்க முடியாத பாரம். இதைப் பஸ்ஸில் இருந்து இறங்கிவந்து தள்ளுகிறவர்களுக்கு யார் சொல்வது?

கைகளைக்கூடக் கழுவவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு ஸ்கூட்டியில் ஏறினேன். சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசும் காலம். பண்ணைப் பாலத்தில் காற்று ஸ்கூட்டியைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளியது. மண்டைதீவுச் சந்தியைத் தாண்டும்வரை ஒரு கையால் ஹெல்மெட்டையும் மறுகையால் ஹாண்டிலையும் பிடித்துக்கொண்டு போனேன். வழியில் இரண்டு முறை போன் அடித்தது. நிறுத்தி எடுக்கவும் மனம் இல்லை, எடுக்காமல் போகவும் மனம் இல்லை.

நான் சுகிர்தாவின் ஊரான வேலணைக்குப் போய்ச் சேர்ந்தபோது பஸ் போய்விட்டது. சுகிர்தாவை ரோட்டோரத்து வேம்பின் கீழ் ஒதுக்கி விட்டிருந்தார்கள். யாரோ கொடுத்த குடையைத் தாயார் பிடித்துக்கொண்டு நின்றார். சுகிர்தாவின் முகம் வெயிலில் கறுத்துப்போய் இருந்தது.

"வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போவம் எண்டு எல்லாரும் சொன்னவை. நான் விடேல்லை," என்றார். "ஏன் நிண்டது எண்டு தெரியாமல் நான் வீட்டை போகமாட்டன்."

சொல்லிக்கொண்டே ஜோய்ஸ்டிக்கை முன்னுக்குத் தட்டினார். கதிரை பீப் என்றது. மறுபடியும் தட்டினார். மறுபடியும் பீப்.

இருந்த இடத்தில் இருக்கமுடியாதவர்

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். அதனால் கதிரையையும் ஆளையும் முதலில் அறிமுகம் செய்துவிடவேண்டும்.

நான் தொழில்நுட்பக் கல்லூரியில் இலத்திரனியல் படித்தவள். பல வருடங்கள் கந்தோர் கந்தோராகப் போய் போட்டோக்கொப்பி மெஷின் திருத்தினேன். பிறகு சக்கரக் கதிரைகளுக்கு மாறினேன். இரண்டிலும் மோட்டார், சென்சர், கொன்ட்ரோல் போர்ட் எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். ஆனால் மெஷின் நின்றால் ஒரு கந்தோரின் வேலை தாமதமாகும். கதிரை நின்றால் ஒரு ஆள் கட்டிலோடு கிடக்கவேண்டும். அந்த வித்தியாசம் என்னை இன்றுவரை ஓரிடத்தில் நிம்மதியாக இருக்க விட்டதில்லை. சாப்பிடும்போதும் போன் பக்கத்தில்தான்.

சுகிர்தா உயர்தர வகுப்புக்குக் கணிதம் படிப்பித்த ஆசிரியை. கிணற்றடியில் வழுக்கி விழுந்து கழுத்து எலும்பு அடிபட்டது. கால்கள் இயங்காது. விரல்கள் மடங்காது. மணிக்கட்டு மட்டும் அசையும். கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்க்க ஏலாது. ஜோய்ஸ்டிக்கை உள்ளங்கையின் ஓரத்தால் தள்ளித்தான் ஓட்டுவார்.

கனடாவில் இருக்கும் அவருடைய அண்ணன் ரூபன் அனுப்பிய கதிரை அது. ஸ்மார்ட் வீல்செயர் என்று சொல்வார்கள். முன்னும் பின்னும் இரு பக்கமும் சென்சர்கள். ஏதாவது குறுக்கே வந்தால் தானாக வேகத்தைக் குறைக்கும், பிறகு நிற்கும். உள்ளே ஒரு சிம் கார்ட். போனில் இருக்கும் செயலி வழியாகக் கதிரை எங்கே நிற்கிறது, பற்றரி எவ்வளவு இருக்கிறது என்று எந்த நாட்டிலிருந்தும் பார்க்கலாம். தடை வந்தால் ஒரு பெண்குரல் ஆங்கிலத்தில் எச்சரிக்கும். சுகிர்தாவின் தாயார் அந்தக் குரலை "வெள்ளைக்காரி" என்றுதான் சொல்வார்.

கதிரையைப் பொருத்திக்கொடுத்தவள் நான். வீட்டு ஓட்டம் பழக்கிய முதல் கிழமை பெரிய கூத்து. வீட்டு வளவில் நின்ற கோழி, காற்றில் ஆடிய வாழையிலை, கொடியில் காய்ந்த சீலை எல்லாமே கதிரைக்குத் தடைதான். வீட்டு நாய்க்குக் கதிரையின் நிழல் பிடித்துப்போய் அதன் முன்னாலேயே படுத்துக்கொண்டது. கதிரை நின்றது. நாய் எழும்பவில்லை.

"உவள் வெள்ளைக்காரி நாயைப் பாத்து இங்கிலீசில கத்துறாள்," என்றார் தாயார். "அதுக்கு விளங்கவோ போகுது?"

சென்சர்களின் கூர்மையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, நாய்க்கு நிற்கவும் வாழையிலைக்கு நிற்காமல் இருக்கவும் கதிரையைப் பழக்க எனக்குப் பல நாள் பிடித்தது.

சுகிர்தாவிடம் ஒரு பழக்கம் உண்டு. கதைக்கும்போது, யோசிக்கும்போது, கோபம் வரும்போது, கதிரையைச் சாணளவு முன்னுக்கு விடுவார், சாணளவு பின்னுக்கு எடுப்பார். நாங்கள் காலாட்டுவது போல. ஒவ்வொரு தடவையும் பிறேக் டக் என்று விட்டு டக் என்று பிடிக்கும்.

"பிள்ளை, பிறேக் தேயும்," என்று ஒருநாள் சொன்னேன்.

"நான் தேயிறதிலும் பாக்க அது தேயட்டும் அக்கா," என்றார்.

அப்போதுதான் வேலணைச் சந்தியில் உள்ள ரியூசன் நிலையத்தில் கணிதம் படிப்பிக்க ஆள் தேவைப்பட்டது. அதை நடத்துபவர் வீட்டுக்கு வந்து கேட்டார். வகுப்பு வருகிற திங்கட்கிழமை தொடங்கும். ஒழுங்காக வர முடியுமென்றால் சுகிர்தாவுக்கு, இல்லாவிட்டால் வேறு ஆள் பார்ப்பார்கள்.

"எழுதக் கை ஏலாதே," என்று தாயார் தயங்கினார்.

"எழுதுறதுக்குப் பிள்ளையள் இருக்கினம். சொல்லிக் குடுக்க எனக்கு வாய் கிடக்கு," என்றார் சுகிர்தா.

அந்த வழியை ஒத்திகை பார்க்கத்தான் அன்று புறப்பட்டார். கதிரை ரோட்டில் நின்றது.

வட்டம்

வேம்பின் கீழ் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். முதலில் பற்றரி. நிறைய இருந்தது. தீவுப்பகுதியில் உப்புக்காற்று வயர் இணைப்புகளில் பச்சையாகப் பூக்கும். கழற்றிப் பார்த்தேன். சுத்தம். மோட்டார் சூடாகவில்லை. ஒரு மணித்தியாலத்துக்கு மேல் போயிருக்கும். காரணம் கிடைக்காத பழுதைப் போல் மனிதரை அலைக்கழிப்பது வேறொன்றும் இல்லை.

கடைசியில் புரோகிராமரை இணைத்தேன். கதிரையின் மூளைக்குள் என்ன நடக்கிறது என்று காட்டும் சிறிய கருவி அது. திரையில் ஒரு வரைபடம் வந்தது. நடுவில் சுகிர்தாவின் வீடு. அதைச் சுற்றி ஒரு வட்டம். வட்டத்தின் விளிம்பு ரோட்டைப் பாதியாக வெட்டிக்கொண்டு போனது. அனுமதிக்கப்பட்ட எல்லையைக் கதிரை தாண்டிவிட்டது, ஆகவே நிறுத்தப்பட்டது என்று கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்தது.

"ஆர் உந்த வட்டம் கீறினது?" என்று கேட்டேன்.

சுகிர்தா திகைத்துப்போய்ப் பார்த்தார். தாயார் குடையை மற்றக் கைக்கு மாற்றினார்.

"அண்ணன்தான்," என்றார் தாயார். "போன கிழமை சொன்னவன். வாசல் படலைக்கு வெளியில போனால் நிக்கிற மாதிரி ஏதோ போட்டிருக்கிறன், நீங்கள் யோசியாதேங்கோ அம்மா எண்டு. படலையடியில நிக்குமாக்கும் எண்டு நினைச்சன். இப்பிடி நடுரோட்டில நிக்கும் எண்டு எனக்கென்ன தெரியும்?"

சுகிர்தாவின் உள்ளங்கை ஜோய்ஸ்டிக்கைத் தட்டிக்கொண்டே இருந்தது. பீப். பீப். பீப்.

"ஆட்டைக் கட்டின மாதிரி என்னைக் கட்டி வைச்சிருக்கிறான்," என்றார் கடைசியில்.

லீவரை அமத்தி வீட்டுப் பக்கம் தள்ளினேன். வட்டத்துக்குள் கதிரை நுழைந்ததும் லீவரை மேலே தூக்கிவிட்டேன். உடனே உயிர் வந்தது. வெள்ளைக்காரி உற்சாகமாக, எல்லாம் தயார் என்று அறிவித்தாள். எங்கள் மூவரில் ஒருவருக்கும் அதற்குச் சிரிக்க மனம் வரவில்லை.

கைவைக்க ஏலாது

மறுநாள் காலை எங்கள் மனேஜரிடம் போனேன். என்னைவிட வயதில் சிறியவர், நல்லவர், எதையும் இரண்டு பக்கமும் பார்த்துத்தான் பேசுவார்.

"அக்கா, கதிரை வாங்கினது தமையன். செயலியில உரிமையாளர் எண்டு கிடக்கிறது அவற்ற பேர். பாஸ்வேர்ட் அவரிட்ட. நாங்கள் பூட்டை உடைச்சு, பிறகு அந்தப் பிள்ளைக்கு ரோட்டில ஒண்டு நடந்தால் ஆர் பதில் சொல்லுறது?"

"வட்டத்தாலதானே சேர் ரோட்டில நிண்டவ."

"அது சரி. அதைத் தமையனுக்குச் சொல்லுங்கோ. கைமட்டும் வைக்காதேங்கோ."

அவர் சொன்னதில் பிழை இல்லை. ஆனால் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அன்று மூன்று தடவை புரோகிராமரைப் பைக்குள் வைத்து, மூன்று தடவை வெளியே எடுத்தேன். பின்னேரம் வேலணைக்குப் போனபோது சுகிர்தா கேட்டதும் அதையேதான்.

"பூட்டை உடைக்க ஏலாதோ அக்கா?"

"ஏலும். உள்ளுக்குள்ள கிடக்கிற எல்லாத்தையும் அழிச்சால் வட்டமும் போகும். ஆனா சென்சர் எல்லாம் போகும். சென்சரைத் திரும்பப் போடுறதுக்கும் அண்ணாவின்ர பாஸ்வேர்ட்தான் வேணும்."

"சென்சர் இல்லாமல் ஓடுறன்."

"உமக்குக் கழுத்துத் திரும்பாது. கதிரைக்கும் கண் இல்லையெண்டால் ரோட்டை ஆர் பாக்கிறது?"

கதிரை முன்னுக்குப் போனது. பின்னுக்கு வந்தது. டக், டக்.

"அப்ப அவனோட கதைப்பம்," என்றார்.

வீடியோவில் கூப்பிட்டோம். கனடாவில் விடியற்காலை. ரூபன் வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். வேலைச்சட்டையும் முகமுமாகத் திரையில் வந்தார். நாற்பது வயதிருக்கும். நான் ரோட்டில் நடந்ததைச் சொன்னேன்.

"நிண்டது பிழைதான் அக்கா. வட்டத்தைக் கொஞ்சம் சின்னனாக்கி விடுறன். ரோட்டுக்கு வராமல் படலைக்குள்ளயே நிக்கும்."

"அண்ணா!" என்றார் சுகிர்தா. "நான் படலைக்கு வெளியில போகவேணும். திங்கட்கிழமை வகுப்பு."

"உனக்கு என்ன குறை சுகி? நான் இருக்கிறன்தானே. ஏன் நீ ரியூசனுக்கு ஓடித்திரியவேணும்?"

"ஓடித்திரிய ஆசையாக் கிடக்கு. அதுதான்."

ரூபன் திரையிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு என்னிடம்தான் பேசினார்.

"அக்கா, இவள் கிணத்தடியில விழுந்தது எனக்கு ஆர் சொன்னவை தெரியுமோ? ஒருத்தரும் இல்லை. நான் பயப்பிடுவன் எண்டு மறைச்சவை. ஆஸ்பத்திரியில ஒப்பரேசன் முடிஞ்ச பிறகுதான் தெரியும். அந்த நேரம் நான் இஞ்ச சிநேகிதன்ர பேர்த்டேயில நிண்டு சிரிச்சுக்கொண்டிருந்தனான். இப்ப போனில ஒரு புள்ளி தெரியுது. அது வீட்டுக்குள்ள நிக்கிறதைப் பாத்தால்தான் எனக்கு வேலை ஓடும். அந்தப் புள்ளி ரோட்டுக்கு வந்தால் எனக்கு மூச்சு நிக்குது."

வெளிநாட்டில் இருக்கிறவர்களுக்கு நாங்கள் நல்லதை உடனேயும் கெட்டதைப் பிந்தியும் சொல்கிறோம். அது எனக்கும் தெரிந்ததுதான்.

சுகிர்தா மெதுவாகச் சொன்னார்: "உனக்கு மூச்சு வாறதுக்கு நான் வீட்டுக்குள்ளயே கிடக்கவேணுமோ அண்ணா?"

கடைசியில் ஒரு ஒத்திகைக்கு ரூபன் சம்மதித்தார். மறுநாள் இதே நேரம் வட்டத்தை எடுத்துவிடுவார். சுகிர்தா சந்திவரை போய்வரவேண்டும். நான் பின்னால் நடந்து வரவேண்டும். கதிரையில் ஒரு போனைப் பொருத்தி, வழியை அவருக்கு வீடியோவில் காட்டிக்கொண்டே போகவேண்டும்.

"நான் பாத்துக்கொண்டு இருப்பன்," என்றார்.

மதகு

கதிரைக் கைப்பிடியில் ஒரு கிளிப் போட்டுப் போனை ரோட்டைப் பார்க்கும்படி பொருத்தினேன். தாயார் படலையடியில் நின்றுகொண்டார். காற்று அன்றைக்கும் குறையவில்லை. பனைகள் இரைந்துகொண்டிருந்தன. நான் சொல்வது சுகிர்தாவுக்குக் கேட்கவேண்டுமானால் கத்தவேண்டும்.

போன தடவை நின்ற இடத்தைக் கதிரை தாண்டியது. சுகிர்தா வேகத்தை ஒரு படி கூட்டினார். நான் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனேன்.

"சுகி, ஓரமாப் போ," என்று போனில் ரூபனின் குரல் கேட்டது.

"ஓரத்திலதான் போறன்."

சிறிது தூரத்தில் மாட்டுப் பட்டியொன்று மேய்ச்சல் தரவையிலிருந்து ஏறி ரோட்டைக் கடந்தது. கதிரையின் சென்சர் சரியாக வேலை செய்தது. வேகம் குறைந்தது, வெள்ளைக்காரி எச்சரித்தாள், கதிரை நின்றது. மாடுகள் ஒவ்வொன்றாகப் போயின. கடைசி மாடு போனதும் சுகிர்தா மறுபடி ஓட்டினார். எனக்கு உள்ளூர ஒரு பெருமை. நான் அளவெடுத்த சென்சர் அல்லவா.

மாடுகள் போன இடத்தைத் தாண்டியதும் ஒரு மதகு. வாய்க்காலுக்கு மேலே ரோட்டு ஒடுங்கும் இடம். இரண்டு பக்கமும் கட்டு. ஒதுங்க இடமில்லை. கதிரை மதகின் நடுவுக்கு வந்தது.

நின்றது.

சென்சர் நிறுத்தினால் முதலில் வேகம் குறையும். இது வெட்டினாற்போல் நின்றது. சுகிர்தாவின் உடம்பு நெஞ்சைச் சுற்றிக் கட்டிய பட்டியில் முட்டி முன்னுக்குச் சாய்ந்தது. ஜோய்ஸ்டிக்கைத் தட்டினார். பீப்.

"அக்கா!"

நான் லீவரை அமத்தக் குனிந்தபோதுதான் பின்னால் சத்தம் கேட்டது. தண்ணீர் பவுசர் ஒன்று வந்துகொண்டிருந்தது. தீவுப்பகுதிக்குக் குடிதண்ணீர் கொண்டுவருகிற பெரிய வாகனம். சாரதி ஹோர்ன் அடித்திருப்பான், காற்று அதை வேறு பக்கம் கொண்டுபோயிருக்கும். வெயில் அவனுக்கு நேரே முகத்தில். சுகிர்தாவுக்குக் கழுத்துத் திரும்பாது. சத்தம் மட்டும் அவருக்குக் கேட்டிருக்கிறது.

"பின்னால என்ன அக்கா? என்ன வருது?"

இரண்டு லீவரையும் அமத்தி, நிமிர்ந்து, தள்ளி மதகைக் கடக்க நேரம் இல்லை. கதிரையை விட்டுவிட்டு நான் பவுசரை நோக்கி ஓடினேன். தோளில் கிடந்த சால்வையை உருவி இரண்டு கையாலும் விசிறினேன். "நிப்பாட்டு! நிப்பாட்டு!" என்று கத்தினேன். என் வயதில் அப்படி ஓடமுடியும் என்று எனக்கே தெரியாது.

பவுசர் பிறேக் பிடித்தது. உள்ளே இருந்த தண்ணீர் முன்னுக்கு அடித்து, முழு வாகனமும் ஒருமுறை குலுங்கியது. மேல்மூடியால் தண்ணீர் வழிந்து ரோட்டில் ஊற்றியது. எனக்குக் கை நீட்டினால் தொடும் தூரத்தில் நின்றது.

சாரதி குதித்து இறங்கினான். முகம் வெளிறிப்போயிருந்தது.

"என்னக்கா இது! மதகில கொண்டுவந்து நிப்பாட்டிறதோ? பாரத்தோட வாறன், இது நினைச்ச உடன நிக்கிற வண்டியோ?"

நான் மூச்சு வாங்கிக்கொண்டு கதிரையடிக்கு ஓடினேன். அப்போது போனில் ரூபன் பதறிக்கொண்டிருந்தார்.

"சுகி, பயப்பிடாதை! மாடு! மாடு வருது! நான் நிப்பாட்டிட்டன். அசையாமல் இரு!"

எங்களுக்கு ஒரு கணம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. வேலணையில் அந்த நேரம் சிக்னல் மோசம். வீடியோ விட்டுவிட்டு, பிந்திப் பிந்திப் போயிருக்கிறது. நாங்கள் கடந்துவந்த மாடுகள் அப்போதுதான் அவருடைய திரையில் ரோட்டில் ஏறியிருக்கின்றன. தங்கையை மாடு முட்டப்போகிறது என்று நினைத்து, செயலியில் இருந்த அவசர நிறுத்தப் பொத்தானை அமத்திவிட்டார். வீடியோவைப் போல அல்ல அந்தக் கட்டளை. அது உடனே வந்து சேர்ந்துவிட்டது.

சுகிர்தா போனைப் பார்த்துச் சொன்னார்.

"மாடு எப்பவோ போயிட்டுது அண்ணா."

அந்தச் சொல் கடலைக் கடந்து போய்ச் சேர எடுத்த நேரம் எனக்கு ஒரு யுகமாக இருந்தது.

"என்ன?"

சாரதி போனுக்குக் கிட்டக் குனிந்தான். "தம்பி, நீர் எங்க நிண்டு கதைக்கிறீர்?"

"கனடா."

"கனடாவில நிண்டுகொண்டு வேலணை மதகில வண்டி நிப்பாட்டிறீரோ? என்ர பிறேக் பிடிச்சிருக்காட்டி உம்மட தங்கச்சி இப்ப இல்லை. விளங்குதோ?"

நான் லீவரை அமத்தினேன். அவனும் நானும் சேர்ந்து கதிரையை மதகுக்கு அப்பால் கொண்டுபோய் ஒரு பூவரசின் கீழ் நிறுத்தினோம். போகும்போது சாரதி பவுசரிலிருந்து ஒரு போத்தல் தண்ணீர் பிடித்துத் தந்துவிட்டுப் போனான். சுகிர்தாவுக்கு நான் பருக்கினேன். பாதி அவருடைய சட்டையில் ஊற்றுண்டது.

யாருடைய பெயர்

ரூபன் இணைப்பைத் துண்டிக்கவில்லை. திரையில் அவருடைய முகம் இல்லை, ஒரு சமையலறையின் சுவர் மட்டும் தெரிந்தது. போனை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டார் என்று நினைத்தேன். ஆனால் அழுகிற சத்தம் கேட்டது.

"அண்ணா," என்று கூப்பிட்டார் சுகிர்தா. "எனக்கு ஒண்டும் இல்லை. பாரன்." கிளிப்பிலிருந்து போனைக் கழற்றித் தன் முகத்துக்கு நேரே பிடிக்கச் சொன்னார். பிடித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து ரூபன் என்னைக் கூப்பிட்டார்.

"அக்கா, அதில என்ர பேரை எடுத்துவிடுங்கோ. இவளின்ர பேரைப் போடுங்கோ. என்ன செய்யவேணும் எண்டு சொல்லுங்கோ, இப்பவே செய்யிறன்."

அந்தப் பூவரசடியிலேயே செய்தோம். அவருடைய போனுக்கு வந்த இலக்கங்களை அவர் ஒவ்வொன்றாக வாசித்தார். சுகிர்தா தன் போனில் விரல் கணுவால் ஒவ்வொன்றாக அமத்தினார். நான் உதவப் போனேன். "விடுங்கோ அக்கா, நான் போடுறன்," என்றார். ஒரு தடவை பிழைத்தது. திரும்பவும் கேட்டார், திரும்பவும் வாசித்தார்.

உரிமையாளர் என்ற இடத்தில் சுகிர்தாவின் பெயர் வந்தது. அவசர நிறுத்தத்தை அவரே எடுத்துவிட்டார், நான் லீவர்களைத் தூக்கிவிட்டேன். அமைப்புகளை அவருக்கு ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன்.

"வட்டம்?"

"வேண்டாம்."

"தூரத்தில இருந்து நிப்பாட்டிறது?"

"வேண்டாம்."

"சென்சர்?"

"அது வேணும். எனக்குப் பின்பக்கம் தெரியாதே."

"எங்க நிக்கிறீர் எண்டு அண்ணாவுக்குக் காட்டுறது?"

கதிரை சாணளவு முன்னுக்குப் போய்ப் பின்னுக்கு வந்தது. ரூபனும் அதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். விடு என்றும் சொல்லவில்லை, எடு என்றும் சொல்லவில்லை.

"அது இருக்கட்டும்," என்றார் சுகிர்தா. "பாத்துக்கொண்டு இரு அண்ணா. ஆனா நான் நிக்கிற இடம் பிடிக்கேல்லை எண்டு போன் எடுத்துக் கத்தக்கூடாது."

"கத்தமாட்டன்."

"கத்துவாய். எனக்குத் தெரியும்."

நான் வீட்டுக்குத் திரும்புவோமா என்று கேட்டேன். சுகிர்தா ஜோய்ஸ்டிக்கை முன்னுக்குத் தள்ளினார், சந்திப் பக்கம்.

ரியூசன் நிலையம் வரை போனோம். அங்கே போய்ப் பார்த்தால், வாசலில் ஒரு படி. ஒரேயொரு படிதான். ஆனால் அது போதும், எத்தனை சென்சர் இருந்தாலும் கதிரை அதில் ஏறாது. நிலையத்தை நடத்துபவர் படியைப் பார்த்தார், கதிரையைப் பார்த்தார், தலையைச் சொறிந்தார்.

"இருபது வருசமா உதில ஏறி இறங்கிறன் ரீச்சர், படி எண்டு ஒண்டு இருக்கிறதே இண்டைக்குத்தான் கண்ணில படுது."

திங்களுக்கு முன்னம் சீமெந்து போட்டுச் சரிவு கட்டினார். அளவைச் சுகிர்தாவே கணக்குப் போட்டுச் சொன்னார். சரிவு செங்குத்தாகிவிட்டால் கதிரை பின்னால் சாயும் என்று படமும் கீறுவித்தார். முதல் வகுப்புக்கு நான் போகவில்லை. போகவேண்டும் போல் இருந்தது, வேண்டுமென்றே போகாமல் இருந்தேன். வேலைத்தலத்தில் ஒரு ஸ்குரூவையும் ஒழுங்காகப் பூட்ட முடியவில்லை. போன் அடிக்கவில்லை. அது அடிக்காமல் இருப்பதுதான் நல்ல செய்தி என்று விளங்கவே எனக்குப் பின்னேரமாகிவிட்டது.

கேட்கவேண்டிய முதல் கேள்வி

நடந்ததை மனேஜரிடம் முழுமையாகச் சொன்னேன். பவுசரைச் சொன்னபோது எழும்பி ஜன்னலடிக்குப் போய்விட்டார். ஏசப்போகிறார் என்று நினைத்தேன்.

"இனிமேல் கதிரை ஆர் அனுப்பினாலும் சரி," என்றார் வெளியே பார்த்தபடி, "அதில இருக்கிற ஆளின்ர பேரிலதான் பொருத்திக் குடுக்கிறது. அனுப்பினவருக்கு விருப்பமில்லையெண்டால் என்னோட கதைக்கச் சொல்லுங்கோ."

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளே, சென்சரை எப்படி அளவெடுப்பது, கொன்ட்ரோலரை எப்படித் திறப்பது என்று யாராவது உங்களுக்குக் காட்டித் தருவார்கள். பெட்டியைத் திறந்தவுடன் கேட்கவேண்டிய கேள்வி வேறு. இதை ஓட்டப்போவது யார், நிறுத்தப்போவது யார்? இரண்டுக்கும் ஒரே பதில் வரும்வரை பொருத்திக்கொடுக்காதீர்கள். அக்கறை உள்ளவர்கள்தான் வட்டம் கீறுகிறார்கள். அவர்களைக் குற்றவாளியாக்க வேண்டாம், ஆனால் வட்டத்தையும் விட்டுவைக்க வேண்டாம்.

இதை எழுதிவிட்டேன், ஆனால் பழகிக்கொண்டேனா என்பது வேறு விஷயம். போன மாதம் ஒரு ஞாயிறு, சுகிர்தாவிடமிருந்து போன் வந்தது. பின்னால் பஸ் ஹோர்ன் இல்லை. கடல் இரைச்சல்.

"அக்கா, சாட்டிக் கடற்கரையில நிக்கிறன். கதிரை மணலில புதைஞ்சிட்டுது."

சாட்டியா! அவ்வளவு தூரம், தனியாக, இந்தக் காற்றில்.

"ஆரிட்டக் கேட்டு அங்க போனனீர்?" என்று கத்திவிட்டேன்.

நான் என்ன கேட்டேன் என்பது எனக்கே உறைத்தது.

"ஒருத்தரிட்டயும் கேக்கேல்லை அக்கா," என்றார் சுகிர்தா அமைதியாக. "இஞ்ச குளிக்க வந்த பெடியள் தூக்கி விடுறம் எண்டு நிக்கிறாங்கள். அது பிரச்சினையில்லை. நான் எடுத்தது வேறொண்டுக்கு. மணலில ஓடுற மாதிரி அகலமான சில்லு எங்கயாவது எடுக்கலாமோ?"

அந்தச் சில்லைத்தான் இப்போது தேடிக்கொண்டிருக்கிறேன்.